அடேயும் அரேயும்

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினேன். மறுபடியும் ‘டக்’. வகுப்பில் நான் ஏதாவது அபத்தமாகச் சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் நாக்கை மேலண்ணத்தில் தட்டிச் சத்தம் எழுப்புவானே, அதே சத்தம்.

வசந்தா ஷெட்டு வாசலில் நின்றாள். அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கையில் சின்ன எவர்சில்வர் சம்புடம், அதில் விபூதி. காரின் முன்சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு தலையணை வைத்து, அதன்மேல் வெள்ளைத் துண்டு விரித்திருந்தாள். வைத்தது சரியில்லை என்று எடுத்துத் தட்டித் திரும்ப வைத்தாள். இது நாலாவது தடவை.

“என்னங்க, எடுக்கலியா?”

“எடுக்கும். நீ தள்ளி நில்லு.”

காலை எட்டு மணி. ஒன்பதுக்குள் நாங்கள் கோட்டுச்சேரியில் இருக்க வேண்டும். அங்கே வசந்தாவின் அண்ணன், என் மச்சான் மூர்த்தி, பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து கிடந்தார். பிரான்சில் இருக்கும் மகள் லதா, அவரைத் தன்னோடு அழைத்துப் போக வந்திருந்தாள். பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்புகிறது.

மச்சான் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். பாதி வாயாலும் பாதி கையாலும் கேட்டது. வீட்டு வாசலில் என்னை ஆம்புலன்சில் ஏற்றாதீர்கள். பூவம் எல்லை வரைக்கும் என் வண்டியில், முன்சீட்டில் உட்கார்ந்து போகிறேன். அங்கே காரைக்கால் முடிகிறது. அதற்குப் பிறகு என்னை எதில் வேண்டுமானாலும் தூக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி கோவில்பத்தில் என் ஷெட்டில் நின்றது. அதைத்தான் நான் ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

கடிதம் எழுதிய அன்பருக்கு

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். ‘தங்களைப் போன்ற பண்பாளர்களின் வாழ்க்கை எங்களுக்கு வழிகாட்டி’ என்று. அன்பரே, தங்கள் கடிதம் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் செய்தது. இந்த வாரத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

நான் இயற்பியல் ஆசிரியன். ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் வெப்பவியல் நடத்தினேன். டீசல் இன்ஜினின் சுழற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். காற்றை அழுத்து, சூடாகும். சூட்டில் டீசலைத் தெளி, எரியும். நான்கு கோடு, நான்கு அம்பு. என் கோடு நேராக இருக்கும் என்று மாணவர்கள் சொல்வார்கள். கோடு நேராக இருந்ததைத் தவிர என்னிடம் வேறு எதுவும் நேராக இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

அந்த முப்பது வருடத்தில் ஒரு டீசல் வண்டியின் மூடியைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. என்னிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர், பிறகு ஒரு சின்ன பெட்ரோல் கார். அவற்றிலும் கோளாறு வந்தால், மெக்கானிக் கழற்றும்போது பக்கத்தில் நின்று அதன் தத்துவத்தை அவருக்கு விளக்குவேன்.

சொல்தா

மச்சான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குச் ‘சொல்தா’ என்று பெயர். வாலிபத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு அந்த நாட்டுக் குடிமகனாகிக் கப்பலேறினார். அவருடைய அப்பா போடவில்லை. வசந்தா சின்னப் பெண். ஆகவே ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தங்கை இந்தியப் பெண். காரைக்காலில் இது அதிசயமில்லை.

அவர் எட்டாவதோடு பள்ளியை விட்டவர். நான் பட்ட மேற்படிப்பு. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுவதையும் இந்த இரண்டு வரியில் அடக்கிவிடலாம். மேலே எழுதினால் அலங்காரம்தான்.

கோபத்துக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை, ஏனென்றால் மனிதர் அப்படி. என்னைவிட மூத்தவர். ஆனாலும் தங்கை புருஷன் என்பதால் கடைசிவரை ‘வாங்க மாப்ள, ஒக்காருங்க மாப்ள’தான். எனக்கு மட்டுமல்ல. பால்காரருக்கு ‘வாங்க’. பிச்சை கேட்டு வந்தவருக்கு ‘இருங்க, வரேங்க’. அவர் வீட்டு வாசலில் ஒரு செம்பட்டை நிறத் தெருநாய் கிடக்கும். அதற்குத் தட்டில் சோறு வைத்து, “வாங்க, சாப்புடுங்க, ஆறிப்போவுது” என்பார்.

“என்ன மச்சான், அதுவும் பட்டாளத்துல இருந்ததா? இவ்வளவு மரியாதை?” என்று ஒருமுறை கேட்டேன். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“மாப்ள படிச்சவங்க. நல்லா பேசுவாங்க” என்றார்.

அவர் பேச்சில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிரெஞ்சு விழும். முனிசிபாலிட்டியை ‘மேரி’ என்பார். பத்திரம் எழுதுகிறவர் ‘நோத்தேர்’. அந்தச் சொற்களைக் கேட்டாலே என் முகம் சுளிக்கும். கல்யாணம் ஆகி நாற்பது வருடத்தில் நான் அவற்றில் ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. அதைப் பெருமையாக வெளியிலும் சொல்லிக்கொண்டேன்.

அவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் வாங்கியதுதான் அந்த டீசல் கார். அப்போதே அது பழசு. உழவு மாடு மாதிரி இருக்கும், சத்தமும் அப்படித்தான். ஒரு ஐப்பசி அடைமழையில், பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்த நேரத்தில், என் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. தெருவில் முட்டளவு தண்ணீர். என் பெட்ரோல் கார் வாசலிலேயே இருமிச் செத்தது. மச்சான் கோட்டுச்சேரியிலிருந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

மறுவாரம் வகுப்பில், டீசல் இன்ஜினுக்கு மின்பொறி தேவையில்லை, அதனால் மழையில் அது எளிதில் நிற்பதில்லை என்பதற்கு இதையே உதாரணமாகச் சொன்னேன். ஓட்டியவர் யார் என்று சொல்லவில்லை.

சரி, சரி

கண் மங்கியதும் டாக்டர் அவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். அவர் வண்டியைத் தங்கைக்குக் கொடுத்தார். தங்கைக்கு என்றுதான் சொன்னார். அதையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

டிரைவர் ஒருவரை வைத்து ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் ஷெட்டில் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ தொட்டுக் காட்டி என்னவோ சொன்னார். நான் கையில் பேப்பரை வைத்துக்கொண்டு, “சரி மச்சான், சரி சரி” என்றேன். தலையங்கம் பாதியில் நின்றிருந்தது.

அதன்பிறகு நாலு மாதம் அந்த வண்டியை நான் தொடவில்லை. “வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வைக்கணுமாங்க, அண்ணன் சொன்னாங்க” என்று வசந்தா ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஹமீது பாய் இரண்டு தடவை வந்து கேட்டார். மச்சானின் வண்டியைப் பல வருடமாகப் பார்த்தவர் அவர்தான்.

“சார், நான் வேணா ஒரு ரவுண்டு ஓட்டி வைக்கட்டுங்களா? சும்மா நின்னா கெட்டுடும்.”

“தேவைப்பட்டா சொல்லி அனுப்புறேன்” என்றேன். எந்தக் குரலில் என்று கேட்காதீர்கள். மூன்றாம் தடவை அவர் வரவில்லை.

இதற்கிடையில்தான் மச்சானுக்கு வாதம் வந்தது.

பொகையே வரலியே

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். ஓடுகிற வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓடாத வண்டிக்கு ஊரே நிபுணர். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுச் சிங்காரவேலு. தாலுகா அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளைக் கிளம்பவிடாமல் வைத்திருந்த அனுபவம் நிறைய உண்டு.

“பேட்டரி டவுன் சார்” என்றார். அதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா என்று எரிச்சல் வந்தது. ஆனால் ஸ்பானரும் அவருடையது, பேட்டரியும் அவருடைய காருடையது. எங்களுடையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது. நன்றாகவே சுற்றியது. பிடிக்கவில்லை.

“சுத்துது, புடிக்க மாட்டேங்குது” என்றார் சிங்காரவேலு, கண்டுபிடித்ததுபோல. “பிளக்கக் கழட்டித் தொடைச்சுப் போட்டா என்ன?”

“இது டீசல் இன்ஜின். இதுல அந்த பிளக் கெடையாது.” அங்கிருந்து நான் தொடங்கினேன். காற்றை அழுத்தினால் என்ன ஆகும், எத்தனை மடங்கு அழுத்த வேண்டும், எல்லாம். ஷெட்டில் ஒரு கரும்பலகை இல்லாதது ஒன்றுதான் குறை. சிங்காரவேலு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“மணி எட்டரை ஆச்சுங்க” என்றாள் வசந்தா.

பனிக்காலம் என்பதால் உள்ளே சூடு போதவில்லை என்று தீர்மானித்தேன். இந்த மாதிரி வண்டியில் கிளப்புவதற்கு முன்னால் உள்ளே சூடேற்ற ஹீட்டர் உண்டு. சாவியைப் பாதி திருப்பிக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். சுற்றினேன். பிடிக்கவில்லை. டீசல் இருக்கிறதா என்று பார்த்தோம். முக்கால் டாங்க் இருந்தது. மச்சான் நிரப்பித்தான் கொடுத்திருந்தார்.

பிறகு எனக்கு ஞானம் பிறந்தது. நாலு மாதம் நின்றதால் டீசல் வரும் குழாயில் காற்று புகுந்திருக்கும். காற்றை வெளியேற்ற வேண்டும். பாடப்புத்தகம் சொல்கிறது. வடிகட்டிக்கு மேலே ஒரு திருகைத் தளர்த்தி, பக்கத்திலிருந்த கைப்பம்பை அமுக்கினேன். நுரை நுரையாக வந்தது. அமுக்க அமுக்க நுரை நின்று டீசல் சுத்தமாக வந்தது. என் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதி முழுக்க டீசல். அந்த வாடை எனக்கு அப்போது வெற்றியின் வாடையாகத் தெரிந்தது.

“பாத்தீங்களா? தியரி தெரிஞ்சா போதும்” என்றேன் சிங்காரவேலுவிடம்.

சுற்றினேன். சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை.

வசந்தா வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அங்கிருந்து சொன்னாள்:

“என்னங்க, பின்னாடி பொகையே வரலியே.”

“அதுக்கு?”

“அண்ணன் எடுக்கறப்பல்லாம் மொதல்ல குப்புனு ஒரு பொகை வருமே. இப்ப ஒண்ணுமே வரல. டீசலு உள்ள போவுதா?”

வாசகர்களே, இந்த ஒரு கேள்விக்குள் பதிலும் இருந்தது. இன்ஜின் சுற்றும்போது புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. போகாவிட்டால் எதுவோ தடுக்கிறது. என் மாணவன் இதைக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

“ஒனக்குத் தெரியாத விஷயத்துல வாய வைக்காத” என்றேன், சிங்காரவேலுவின் முன்னால்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஹமீது பாயக் கூப்புட்டுட்டு வரட்டுமா?”

“அந்த ஆளு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது.”

ஏன் அப்படிச் சொன்னேன்? ஹமீது பாய் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவர் மச்சானின் ஆள். என் ஷெட்டில் என்னால் முடியாததை அவர் செய்துவிட்டுப் போவார், அது மச்சானின் காதுக்குப் போகும். இதுதான் காரணம். இதைவிட அற்பமான காரணம் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.

ஓர் எழுத்து

ஒன்பதே கால். அந்த நாளில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கைபேசி, அது என்னுடையது. வசந்தா அதை வாங்கி லதாவுக்குப் பேசினாள். வண்டி எடுக்கவில்லை, மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள். பிறகு வெந்நீர் வைக்க உள்ளே போனாள். வெந்நீரை இன்ஜின்மேல் ஊற்றலாம் என்பது சிங்காரவேலுவின் அடுத்த யோசனை.

அவள் உள்ளே போனதும் கைபேசி அடித்தது.

“மாமா, அப்பா ஒங்ககிட்ட பேசணும்ங்கறாங்க. காதுல வைக்கிறேன்” என்றாள் லதா.

மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “மா… ப்ள.”

“சொல்லுங்க மச்சான்.”

“அரே… அரே பாரு.”

“என்னது?”

“அரே!” இம்முறை பலமாக, கோபம்போல. “அரே பாரு! அரே!”

வாதம் வந்த நாக்குக்கு ‘ட’ வராது, ‘ர’ ஆகிவிடும் என்று என் படிப்பு உடனே விளக்கம் சொன்னது. அடே. ‘அடே பாரு’ என்கிறார். ஒரு வண்டியைக் கிளப்பத் தெரியாத நீ என்ன படித்தவன், அடே, பாரு. நாற்பது வருடம் ‘வாங்க மாப்ள’ என்று சொன்னதெல்லாம் வேஷம். வாதம் அந்த வேஷத்தைக் கழற்றிவிட்டது. இப்போது உள்ளே இருந்தது வெளியே வருகிறது. இவ்வளவும் எனக்குள் ஒரு நொடியில் நடந்தது. என் மூளை அத்தனை வேகமாக வகுப்பில்கூட ஓடியதில்லை.

“மச்சான், மரியாதை இருக்கட்டும். நான் ஒங்க பட்டாளத்துல சிப்பாயா வேல பாக்கல” என்றேன். இணைப்பைத் துண்டித்தேன்.

கைபேசி அவர் காதில்தான் இருந்தது. லதாவுக்கு நான் சொன்னது கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. நான் அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

“யாரு சார்?” என்றார் சிங்காரவேலு.

“யாருமில்ல.”

கைபேசி மறுபடி அடித்தது. லதாதான். சத்தத்தை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். அது நெஞ்சில் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூன்று தடவை.

பிறகு நாங்கள் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினோம். வழியில் போன இரண்டு பேர் கை கொடுத்தார்கள். தள்ளிக் கிளப்பினாலும் பிடிக்கவில்லை. தெருமுனையில், எல்லாருக்கும் நடுவில், தலையணையும் வெள்ளைத் துண்டுமாக வண்டி நின்றது. வெந்நீர்ப் பாத்திரத்தோடு வெளியே வந்த வசந்தா அதைப் பார்த்தாள். பாத்திரத்தைச் சுவரோரம் வைத்தாள். பட்டுப்புடவையோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

இழுத்துக் கெடக்கு

பத்து மணி தாண்டி ஹமீது பாயோடு திரும்பி வந்தாள். அவர் எனக்கு வணக்கம் சொன்னார். மூடியைத் திறக்கவில்லை. கருவி எதையும் எடுக்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்து குனிந்தார்.

“என்ன சார், அரே இழுத்துக் கெடக்கே! தள்ளி விடலீங்களா?”

“எது?”

“அரே, சார்.” ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் உயரத்தில் இருந்த கறுப்புக் குமிழ் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். “சாவிய அணைச்சா இந்த வண்டி நிக்காதுல்ல? இத இழுத்தாதான் நிக்கும். டீசல அடைச்சுடும். திரும்ப எடுக்கறப்ப உள்ள தள்ளணும். நிறுத்துறதுக்குப் பிரெஞ்சுல அப்புடித்தானாம். எங்க அத்தா காலத்துலேருந்து, சொல்தா வண்டி பாக்குற நாங்க எல்லாரும் அரேன்னுதான் சொல்லுவோம். மூர்த்தி ஐயா சொல்லலியா?”

குமிழை உள்ளே தள்ளினார். சாவியைத் திருப்பினார். குப்பென்று ஒரு புகை. வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

சிங்காரவேலு கைதட்டினார். வசந்தா பின்கதவைத் திறந்து ஏறிவிட்டாள். முன்சீட்டு அண்ணனுக்கு. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹமீது பாய் ஓட்டினார்.

“லதாவுக்குப் போன் போட்டு வந்துகிட்டே இருக்கோம்னு சொல்லுங்க. ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க” என்றாள் வசந்தா.

கைபேசியை எடுத்தேன். திரையில் லதாவின் மூன்று அழைப்புகள் இருந்தன. ‘அரே’ என்பது என்ன என்று எனக்கு இப்போது தெரியும். நான் கூப்பிட்டால் லதா எடுப்பாள். ‘அப்பா அதத்தான சொன்னாங்க, ஏன் மாமா கட் பண்ணீங்க?’ என்பாள். பக்கத்தில் படுத்திருக்கும் அவர் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்? நான் சொன்னதை அவர் கேட்டாரே, அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டேன். எண்ணை அழுத்தவில்லை.

“எடுக்க மாட்டேங்கறா” என்றேன்.

வாசகர் அன்பரே, தவறாகக் கேட்டதற்குக் காதைப் பழி சொல்லலாம். கோபத்தில் துண்டித்ததற்கு அற்பத்தனத்தைப் பழி சொல்லலாம். இதற்கு ஒன்றுமில்லை. இதை நான் தெளிந்த புத்தியோடு செய்தேன்.

பூவம்

கோட்டுச்சேரி வீடு பூட்டியிருந்தது. வாசலில் செம்பட்டை நாய் மட்டும் எழுந்து நின்றது. நிற்காமல் பூவத்துக்கு விட்டோம்.

எல்லைக்கு அருகே ஒரு டீக்கடை. ஆம்புலன்ஸ் எதுவும் இல்லை. ஹமீது பாய் வண்டியை நிறுத்தாமலே தலையை நீட்டிக் கேட்டார்.

“இப்பத்தாங்க போச்சு” என்றார் டீக்கடைக்காரர். “ரொம்ப நேரம் நின்னுச்சு. உள்ள ஒரு பெரியவரு. பின்கதவத் தெறந்தே வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்தப் பொண்ணுதான் போனக் கையில வச்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துச்சு. அப்பறம் டிரைவர் சத்தம் போட்டாரு, நேரமாச்சுன்னு. கெளம்பிட்டாங்க.”

ஹமீது பாய் தரங்கம்பாடி தாண்டியும் ஓட்டினார். அந்த வண்டியால் முடிந்த வேகம் அது. ஆம்புலன்சோடு அதனால் ஓட முடியாது. கடைசியில் ஓரமாக நிறுத்தினார். குமிழை இழுத்தார். இன்ஜின் அடங்கியது. கடல்காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

வசந்தா அழவில்லை. முன்சீட்டில் இருந்த தலையணையின்மேல் கை நீட்டி, துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டாள். விபூதிச் சம்புடத்தைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தாள்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மச்சான் பிரான்சில் இறந்துபோனார். அங்கேயே எரித்தார்கள்.

“அன்னிக்கு அண்ணன் போன்ல ஒங்ககிட்டப் பேசுனாங்களாமே, லதா சொன்னா. என்ன சொன்னாங்க?” என்று ஒரு தடவை கேட்டாள் வசந்தா.

“வாய் குழறுச்சு. ஒண்ணும் புரியல” என்றேன்.

அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு கேட்கவேயில்லை.

பின்சீட்டு

இதெல்லாம் நடந்து பல வருடங்கள் ஆகின்றன. வண்டி இன்னும் இருக்கிறது. ஞாயிறுதோறும் நானே கிளப்பி, கடற்கரை வரை போய் வருகிறேன். வசந்தாவும் வருவாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவள் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. அண்ணன் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியான விளக்கங்களை நான் எப்போதும் விரைவாகவே கண்டுபிடிப்பேன்.

இந்தத் தொடரில் இதை எழுதுவது என்று முடிவு செய்ததும், அச்சில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. மேலே உள்ள எல்லாவற்றையும், இந்த வாரம் கைப்பிரதியாகவே அவளிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மோர்க் கிண்ணத்தின்மேல் ஈ ஒன்று உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதை விரட்டவில்லை.

முடித்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள்.

“அரேதான் சொன்னாங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள். “ராத்திரி லதா ஏர்போர்ட்லேருந்து ஒங்க போனுக்குப் பேசுனா, நீங்க தூங்கிட்டீங்க, நான் எடுத்தேன். அப்பா அரேயப் பாக்கச் சொன்னாங்க, மாமா கட் பண்ணிட்டாங்க, அப்பறம் எடுக்கவே இல்லன்னா. நாம கார்ல வர்றப்ப ஒங்க போன் வரவே இல்லன்னும் சொன்னா.”

கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள்.

“நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு நெனச்சேன். எங்கண்ணன அந்த வண்டியில ஏத்த ஒங்களுக்கு மனசில்ல, அரே தெரிஞ்சும் தெரியாத மாதிரி நின்னீங்கன்னு. இத்தன வருஷமா அப்புடித்தான் நெனச்சுக்கிட்டு ஒங்களுக்குச் சோறு போட்டேன்.”

“வசந்தா…”

“பாருங்க-ன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு வாய் வரல. ஒரு ‘ங்க’ கொறஞ்சு போச்சு.” தாள்களை என் பக்கமாகத் தள்ளினாள். “அந்த ஒரு ‘ங்க’வுக்கா?”

எழுந்து மோர்க் கிண்ணத்தை எடுத்தாள். சமையலறை வாசலில் நின்று திரும்பினாள்.

“எங்கண்ணன் நாயக் கூப்புட்டாக்கூட வாங்கன்னுதான் கூப்புடுவாங்க. ஒங்களயா அடேன்னு சொல்லுவாங்க?”

கைப்பிரதியில் ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை.

நேற்று ஞாயிறு. வழக்கம்போல ஷெட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் அவள் அங்கே இருந்தாள். டிரைவர் கதவு வழியாகக் குனிந்து, கறுப்புக் குமிழை உள்ளங்கையால் உள்ளே தள்ளிவிட்டாள்.

பிறகு சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

“ம், எடுங்க” என்றாள்.